கையால் செய்த கிட்டாரின் பிரிட்ஜ் எழும்பிவிட்டது: திருகு போட்டு, ஸ்பிரே அடித்து வாங்கலாமா, புதியது வாங்குவதே மேலா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி: ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கிய கிட்டாரின் பிரிட்ஜ் (மேற்பலகையில் தந்திகளைப் பிடித்து நிற்கும் மரத்துண்டு), பின்விளிம்பில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கடையில் இரண்டு திருகு போட்டு இறுக்கி, மேற்பலகை முழுவதும் புதிதாக ஸ்பிரே அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள், அந்தச் செலவுக்குத் தொழிற்சாலைக் கிட்டார் ஒன்றையே வாங்கிவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

திருகும் வேண்டாம், ஸ்பிரேயும் வேண்டாம், அவசரப்பட்டுப் புதியதும் வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்பாகவே ஆறு தந்திகளையும் தளர்த்திவிடுங்கள். உலோகத் தந்தி பூட்டிச் சுருதி சேர்த்த கிட்டாரில் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான இழுவை இருக்கும். நைலான் தந்தியென்றால் 40 கிலோவை ஒட்டியிருக்கும். இரவும் பகலும் அந்த இழுவையைத் தாங்கி நிற்பது, பிரிட்ஜ் என்கிற சிறு மரத்துண்டுக்கும் மேற்பலகைக்கும் நடுவிலுள்ள பசைதான். பாதி விட்டுப்போன பிரிட்ஜைத் தந்தியோடு அப்படியே வைத்திருந்தால், மீதிப் பாதி விடும்போது மேற்பலகையின் நாரையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். இன்று ஒட்டு வேலையாக இருப்பது அன்று தச்சு வேலையாகிவிடும்.

தந்தியைத் தளர்த்திய பிறகு, மெல்லிய காகிதம் ஒன்றைப் பின்விளிம்பின் அடியில் நுழைத்துப் பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. பல கிட்டார்களில் விளிம்போரமாகச் சிறிதளவு பாலிஷ் மேலேயே பிரிட்ஜை உட்கார வைத்திருப்பார்கள், அங்கே பசை பிடிக்காமல் ஒரு கோடு எப்போதும் தெரியும். காகிதம் அதையும் தாண்டி உள்ளே போனால் பிரிட்ஜைக் கழற்றி ஒட்டத்தான் வேண்டும்.

நான் சென்னையில் இந்தப் பழுதுவேலையைப் பிழைப்பாகச் செய்கிறவன். "தன் கடைச் சரக்கைத்தான் புகழ்வான்" என்று சிலருக்குத் தோன்றலாம், தோன்றட்டும். திருகு என்ற சொல்லைப் பார்த்ததும் இந்த நீளத்துக்கு எழுத உட்கார்ந்துவிட்டதற்குக் காரணம் உண்டு.

தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒருவர், கையால் செய்த கிளாசிக்கல் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில் மேற்பலகை, ஈட்டி மரத்தில் பக்கங்களும் பின்பலகையும், அரக்கு பாலிஷ். செய்தவர் கை தேர்ந்தவர் என்பது ஒலித்துளை வழியாக விளக்கை விட்டு உள்ளே பார்த்தாலே தெரிந்தது. அதன் பிரிட்ஜ் ஒருமுறை எழும்பியபோது யாரோ எபாக்சி என்கிற, இறுகினால் எளிதில் விடாத செயற்கைப் பசையை ஊற்றி, மேலிருந்து இரண்டு மரத் திருகுகளை இறக்கி, தலை தெரியாமலிருக்க வெள்ளைப் பொட்டு வைத்து மூடியிருந்தார்கள். பார்வைக்குக் குறையில்லை. ஆனால் அந்த மேற்பலகையின் கனம் இரண்டரை மில்லிமீட்டர். அதில் மரத் திருகு எதைப் பிடித்துக்கொள்ளும்? ஒன்று வெறுமனே துளைத்துக்கொண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று, மேற்பலகையின் அடியில் விசிறி போல் விரிந்து ஒட்டப்பட்டிருக்கும் பிரேஸ் என்ற தாங்கு சட்டங்களில் ஒன்றின் தலையில் இறங்கி, அதை நீளவாக்கில் பிளந்திருந்தது. அவர் சொன்ன குறையோ, "நாலாம் தந்தியை வாசித்தால் எங்கோ வண்டு முரல்கிற மாதிரி இருக்கிறது" என்பது மட்டுந்தான். முரன்றது அந்தப் பிளவு.

சில தொழிற்சாலைக் கிட்டார்களிலேயே பிரிட்ஜில் போல்ட் வருகிறதே என்று யாராவது கீழே எழுதுவார்கள். வருகிறது, மறுக்கவில்லை. அது உள்ளேயுள்ள தாங்குபலகையையும் ஊடுருவி, நட்டு வைத்து முடுக்கிய போல்ட். மெல்லிய பலகையில் இறக்கிய மரத் திருகு அதற்கு ஈடாகாது.

அந்தப் பிரிட்ஜைக் கழற்றியதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. சுற்றியுள்ள பாலிஷ் வெந்துவிடாதபடி அலுமினியத் தாளால் மறைத்து, மின்சாரத்தில் சூடாகும் பட்டையைப் பிரிட்ஜின் மேல் வைத்து, பசை இளகும் வரை பொறுத்திருக்க வேண்டும். பிறகு, ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் மெல்லிய கத்தியைச் சூடாக்கி, இம்மி இம்மியாக உள்ளே செலுத்த வேண்டும். மேற்பலகை என்பது ஒரே கட்டையை ஏடாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து, நடுவில் ஒட்டிய இரண்டு பாதிகள். மரத்தின் நார் ஒரு பாதியில் முன்பக்கமாகச் சாய்ந்து இறங்கினால், மறுபாதியில் பின்பக்கமாகச் சாய்ந்து இறங்கும். ஆகவே ஒரு பாதிக்கு முன்னாலிருந்தும், மறுபாதிக்குப் பின்னாலிருந்தும் கத்தியைக் கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் ஒரே திசையில் தள்ளினால் கத்தி நாரைப் பின்தொடர்ந்து பலகைக்குள் முங்கிவிடும். எத்தனை எச்சரிக்கையாக இருந்தும், எபாக்சி நாருக்குள் ஊறிப்போயிருந்த இடங்களில் மரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்துதான் வந்தது. அந்தப் பள்ளங்களுக்கு அதே நார்வாக்கில் ஸ்புரூஸ் துண்டு வெட்டி வைத்து, இழைத்துச் சமப்படுத்தி, பிளந்த சட்டத்துக்கு உள்ளிருந்து பசை செலுத்தி, புதிய பிரிட்ஜ் ஒன்றும் செதுக்க வேண்டியதாயிற்று. முதலில் திருகியவர் மிச்சப்படுத்திய நேரத்தையெல்லாம் பிறகு நான் செலவழித்தேன்; கூலி கொடுத்தவர் வாசிப்பவர்.

பிரிட்ஜுக்கு மரம் தேடியது தனிக் கதை. கிட்டாருக்கு ஆகும் நம்மூர் ஈட்டி உலகத்துக்கே பழக்கமான மரம். பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதான பிறகு, 1969-இல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டின் மாறியது இந்திய ஈட்டிக்குத்தான். 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்து, முடிந்த இசைக்கருவிக்குக்கூட எல்லை கடக்கத் தாள் கேட்கும் நிலை வந்தது. 2019 நவம்பரில்தான் முடிந்த கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மரத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. என்னைப் போன்றவர்கள் பழைய கட்டில் கால், உடைந்த அலமாரிச் சட்டம் என்று பழஞ்சாமான் கடைகளில் பொறுக்கித்தான் பிரிட்ஜ் செதுக்குகிறோம், அது போதும். எனக்கு ஆற்றாமை வேறிடத்தில். கருங்காலி மாலை மோகம் வந்தாலும் வந்தது, முன்பு சும்மா கிடந்த விரற்கடைத் துண்டுக்கும் மணி கணக்குப் போட்டு விலை சொல்கிறார்கள். ஃபிங்கர்போர்டில் (கழுத்தின்மேல் விரல் பதிக்கும் கருங்காலிப் பலகை) ஒரு சில்லு பெயர்ந்ததற்கு ஒட்டுப்போடத் துண்டு கேட்டால், "இதில் எத்தனை மணி உருளும் தெரியுமா சார்" என்கிறார் கடைக்காரர். கேள்விக்குத் தொடர்பில்லைதான், மன்னிக்கவும்.

மறுபடி பசைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கிட்டாரின் தலைவிதி அதில்தான் இருக்கிறது. நான் பிரிட்ஜுக்கு வஜ்ரம் காய்ச்சித்தான் ஒட்டுகிறேன். தோலிலிருந்து எடுத்த அந்தக் குருணையைத் தண்ணீரில் ஊறவைத்து, நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீருக்குள் வைத்து 60 டிகிரி அளவில் உருக்கி, மரத்தையும் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி, ஆறிக் கூழாவதற்குள் பூசி, பிரிட்ஜை வைத்து, கிளாம்ப் முடுக்கிவிட வேண்டும். தயங்குவதற்கு அதில் இடமில்லை. காய்ந்தபின் கண்ணாடிபோல் இறுகிவிடும், இழுவையில் சிறுகச் சிறுக நகர்ந்துகொடுக்காது. சூடும் ஈரமும் கொடுத்தால் பலகையைக் காயப்படுத்தாமல் விட்டுக்கொடுக்கும். இந்தக் கடைசிக் குணத்தைக் குறையென்று சிலர் நினைக்கிறார்கள். தஞ்சாவூர் வீணையில் மேளத்தை, அதாவது சுர மெட்டுகளை, மெழுகில் பதிப்பதும் இதே அறிவுதான். மெழுகு தளர்ந்தால் மேளம் வைப்பவர் வந்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிப்பார், வீணைக்கு ஒன்றும் ஆவதில்லை. சாதாரண மரப்பசை மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழிலாளிகள் பலர் அதைக் கொண்டு ஒட்டுகிறார்கள், அதுவும் சூட்டுக்கு இளகும். ஆகாதென்று சொல்வது எபாக்சியையும் உடனொட்டும் பசையையும்.

உங்கள் பிரிட்ஜ் ஏன் எழும்பியது என்பதற்குச் செய்தவரைக் குறைசொல்லும் முன் வீட்டைப் பாருங்கள். கடலோர ஊரில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. குளிர்சாதனம் ஓடும் அறையில் அது பெரிதும் இறங்கிவிடுகிறது. கட்டுப்பாடில்லாமல் விட்டால், கிட்டார் மேற்பலகையின் அகலம் அந்த மாற்றத்துக்கே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கவும் விரியவும் கூடியது. உட்சட்டங்களும் பிரிட்ஜும் அதை விடாமல் பிடித்திருப்பதால் பலகை மேல்நோக்கி உப்புகிறது அல்லது உள்வாங்குகிறது. அடிப்பாகம் தட்டையான பிரிட்ஜோ அதோடு வளைய மறுக்கிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரியை எட்டக்கூடும், நான் பசை இளக்கும் சூடு அதுவே. கிட்டாரை உறையோடு காருக்குள் விட்டுவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகிறவர்களை நான் அறிவேன். அவர்களால்தான் எனக்கு மே மாதத்தில் வேலை.

அடுத்தது ஸ்பிரே. பிரிட்ஜ் ஒட்டுவதற்கு மேற்பலகை முழுவதும் பூசவேண்டிய அவசியமே இல்லை. வேலையின் தடயத்தை மறைக்கத்தான் அதைச் சொல்கிறார்கள். உங்கள் கிட்டாரில் இருப்பது அரக்கு பாலிஷாக இருந்தால் (கண்ணுக்குப் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள், ஒட்டும் பிசுபிசுப்பு வந்தால் அரக்கு), அதைச் சுரண்டி எறிந்துவிட்டுப் பாலியுரேத்தேன் அடிப்பது பெரிய பாவம். ஜார்க்கண்ட் பக்கம் புரசிலும் இலந்தையிலும் வளர்க்கிற பூச்சியின் அரக்கு, செதிலாகிக் கப்பலேறி, ஐரோப்பியக் கிட்டார்ப் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்கிறது. ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தோய்த்து, ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் அந்தப் பூச்சு மிக மெல்லியது. பலகையின் அசைவுக்குக் குறுக்கே நிற்காது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் புதிய அரக்கைத் தேய்த்தால் போதும், பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். பாலியுரேத்தேனுக்கு அந்தக் குணம் கிடையாது. கெட்டியாக அடித்துவிட்டால் ஓசையும் அடங்கிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் அரக்கு வேலை கொடுக்காதீர்கள். ஈரக்காற்றில் பூச்சு வெண்மை பூத்துவிடும். அந்த மாதங்களில் நானே பாலிஷ் வேலையை ஏற்பதில்லை, அவசரப்படுத்துகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறேன்.

மேற்பலகையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது மிகையென்று தோன்றினால் ஒரு செய்தி. இன்றைய கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் தந்த அந்தோனியோ தெ தோரெஸ் என்ற ஸ்பானியர், 1862-இல் பக்கங்களையும் பின்பலகையையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். குரல் மேற்பலகையில் இருக்கிறது என்று காட்டுவதற்காகச் செய்தது அது. இன்றும் பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புதியது வாங்குவது எப்போது சரி? மேற்பலகை ஒட்டுப்பலகையாக இருந்து, ஒலித்துளையைச் சுற்றி உள்வாங்கி, கழுத்தின் கோணமும் கெட்டு, தந்தி எட்டாத உயரத்தில் நிற்கிற மலிவுக் கிட்டாருக்கு நான் பழுது பார்ப்பதில்லை. வாங்கிவிடுங்கள் என்று நானே சொல்லிவிடுவேன். தொழிற்சாலைக் கிட்டார்கள்மீது எனக்கு வெறுப்பும் இல்லை. ஃபிரெட் எனும் சுரக் கம்பிகளின் இடைவெளியை இயந்திரம் அறுக்கிற துல்லியத்தில் எல்லாக் கைகளும் அறுத்துவிடுவதில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கழுத்து நேராக இருக்கிறது, பிளவு ஏதுமில்லை, பிரிட்ஜ் மட்டுந்தான் பிரச்சினை. அது ஒரு புதிய கிட்டாரின் விலையில் சிறு பங்கே ஆகும் வேலை.

செய்தவரின் தொலைபேசி எண் இருந்தால் முதலில் அவரையே அழையுங்கள். என்ன பசை, என்ன பாலிஷ் என்பது அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அதே கட்டையில் மிஞ்சிய துண்டும் அவர் பட்டறையில் இருக்கக்கூடும். அவர் தொலைவில் இருந்தாலோ தொழிலை விட்டுவிட்டிருந்தாலோ வேறு பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். அங்கே விலை பேசும் முன், "பிரிட்ஜை எப்படிச் சூடாக்கிக் கழற்றுவீர்கள், எந்தப் பசையில் திரும்ப ஒட்டுவீர்கள், கிளாம்ப் எத்தனை நேரம் இருக்கும்" என்று கேளுங்கள். சூடாக்கத் தேவையில்லை, சந்தில் பசையை விட்டுக் கையால் அழுத்தினால் போதும் என்று பதில் வந்தால், கிட்டாரை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். ஒட்டிய பிறகு ஒரு முழு நாளாவது கிளாம்பில் இருந்து, அதன்பின் இன்னும் ஒரு நாள் கழித்துத்தான் தந்தி ஏற்ற வேண்டும். மாலையிலேயே கச்சேரி இருக்கிறது என்று அவரை நெருக்காதீர்கள்.