வைட்டமின் என்றால் சத்து என்று பொருளா?

‘வைட்டமின் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? அதற்குச் சத்து என்று சொன்னால் போதாதா?’ என்பது கேள்வி. ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில் சிறிய மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் என் பதில்: போதாது.

லண்டனில் பணியாற்றிவந்த போலந்துக்காரரான காசிமிர் ஃபங்க், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருளை அரிசித் தவிட்டில் தேடிக்கொண்டிருந்தவர். அவர் 1912-இல், உயிர் எனப் பொருள்படும் ‘வீட்டா’ என்ற லத்தீன் சொல்லோடு, நைட்ரஜன் கொண்ட ஒரு வேதிப்பொருள் வகையின் பெயரான ‘அமைன்’ என்பதைச் சேர்த்து ‘வைட்டமைன்’ என்று பெயரிட்டார். இத்தகைய பொருள்கள் எல்லாமே அமைன்கள் அல்ல என்பது பிறகு தெளிவானதால், 1920-இல் ஜாக் டிரம்மண்ட் என்பவர் அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான ‘e’-ஐ வெட்டிவிடலாம் என்றார். வைட்டமின் ஏ, பி, சி என்று அழைக்கலாம் என முன்மொழிந்தவரும் அவரே. நம்மவர்கள் ‘உயிர்ச்சத்து’ என்று மொழிபெயர்த்தபோது, அந்தப் பிழையான பாதியைத் தொடாமல் சரியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூலச் சொல்லைவிட மொழிபெயர்ப்பு பொருத்தமாக அமைந்த அரிய இடம் இது என்பது என் எண்ணம்.

உடல் தானே போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாத, ஆனால் மிகச் சிறிதளவு கிடைத்தே தீரவேண்டிய கரிமப் பொருள்தான் வைட்டமின். மனிதருக்கு வேண்டியவை 13. புரதமும் இரும்பும் சுண்ணாம்பும் சத்துகள்தாம், ஆனால் வைட்டமின்கள் அல்ல. இந்த வேறுபாடு கடை மேசைக்கு வரும்போதுதான் சிக்கலாகிறது. வாரம் ஒருமுறை மீன்கூடையோடு வரும் ஒரு மூதாட்டி, பி காம்ப்ளக்ஸ் மாத்திரையை அப்பெயரால் கேட்டதே இல்லை. “மஞ்சளா ஒண்ணுக்குப் போகுமே தம்பி, அந்தச் சத்து மாத்திர” என்பார். அடையாளம் துல்லியமானது, அதிலுள்ள ரிபோஃபிளேவின், அதாவது பி2, உடலுக்குத் தேவையானது போக மிஞ்சியது வெளியேறுவதால் வரும் நிறம் அது. ஒருநாள் கர்ப்பிணியான தம் மகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து, “இதுவும் சத்து மாத்திரதான, இதையே நானும் போட்டுக்கிட்டா என்ன?” என்று கேட்டார். அது 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தது. ஃபோலிக் அமிலம் வைட்டமின், இரும்பு அல்ல. “வேணாம் ஆத்தா, இது ரத்தத்துக்குக் குடுக்கிற இரும்பு. மகளுக்குக் குடுத்ததை மகளே சாப்பிடட்டும்” என்று சொல்லி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கத்தான் செய்வார்கள்.

எழுதும்போது வைட்டமின், விட்டமின் இரண்டுமே வழக்கில் உள்ளன. ஆங்கிலேயர் ‘வி’ என்றும் அமெரிக்கர் ‘வை’ என்றும் தொடங்குவதால் இரண்டையும் பிழை என்று சொல்வதற்கில்லை. கடலுக்கு அக்கரையில், இலங்கைத் தமிழர், ‘விற்றமின்’ என்று எழுதுவார்கள். காரியம் நடக்கப் பணம் வேண்டும் என்பதை ‘வைட்டமின் ப’ என்று கேலியாகச் சொல்வதும் நம்மிடம் உண்டு. அந்த வைட்டமின் மட்டும் சிறிதளவு போதும் என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை.

சொல் தெரியாவிட்டாலும் பொருள் நம் பானையில் இருந்திருக்கிறது. நெல்லைக் குத்துவதற்கு முன் ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின், அதாவது பி1, ஓரளவு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே, வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் அது கூடுதலாகத் தங்குகிறது. பெரிபெரி இந்த தயமின் குறைவால் வருவது.

மீனெண்ணெய் மாத்திரையையும் எங்கள் பக்கத்தில் சத்து மாத்திரைக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். காட் என்ற குளிர்கடல் மீனின் ஈரல் எண்ணெயில் ஏ, டி இரண்டும் இருப்பதால் வைட்டமின் என்ற சொல்லும் அங்கே பொருந்தத்தான் செய்கிறது. அந்த மூதாட்டி போன வாரம் அதில் இரண்டு அட்டை கேட்டார். டி வைட்டமின் உள்ள சாளை மீன் கூடை நிறைய இருக்க, இது எதற்கு என்று கேட்டேன். “மெட்ராசுல படிக்கிற பேத்திக்கு. அவளுக்கு மீன் வாடையே ஆகாது தம்பி” என்றார்.