பல வருடம் கழித்துப் பிறந்த ஊருக்குப் போனவர்களே, அது இன்னும் உங்கள் ஊராகவே இருந்ததா?

என் ஊர் யாழ்ப்பாணம், கொக்குவில். 1995 ஒக்டோபர் 30 பின்னேரம், போரில் இராணுவம் நெருங்கிவர, எங்கள் ஊர் அடங்கிய வலிகாமப் பகுதியை விட்டு எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்போது எனக்கு 14 வயது. திரும்பக் கால் வைத்தது 2018 ஆகஸ்ட்டில், கனடாவிலிருந்து தனியாக. உங்கள் கேள்விக்கு ஆம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த 'ஆம்' என்ற பதிலைச் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஓர் இரவில் போய்விடலாம். நான் யாழ்தேவி ரயிலில்தான் போவேன் என்று நின்றேன். 1990இல் ரயில் நின்றபோது எனக்கு 9 வயது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போய், வெறும் மேடுதான் மிஞ்சியது. 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடியது.

சாவகச்சேரி கழிந்து நாவற்குழி வந்ததும் எழும்பிக் கதவடியில் போய் நின்றேன். 1995இல் வெளிக்கிட்ட அந்த இரவு இந்தக் கடல்நீரேரியைத் தாண்ட எங்களுக்கு விடியும் வரை ஆனது. ஓர் அடி வைப்பது, நிற்பது, அடுத்த அடி வைப்பது. சைக்கிள், மாட்டுவண்டி, கதிரையில் வைத்துத் தூக்கிவந்த கிழவிகள், கொட்டும் மழை. குடிக்க மட்டும் தண்ணீர் இல்லை. அம்மா குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதில் தேங்கியதைத் தம்பிக்குப் பருக்கினார். குடைச்சீலையின் கறுப்புச் சாயம் அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தது. ரயில் அந்த இடத்தை ஒரு நிமிடத்தில் கடந்தது. பக்கத்தில் நின்ற பெடியன், "அண்ணை, யாழ்ப்பாணம் வரப்போகுது, பையை எடுங்கோ" என்றான்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கை எனக்கே பிடிபடவில்லை. கிடுகு வேலியும் கதிகாலும் போய் இரண்டு பக்கமும் மதில். ஓட்டோ இரண்டு தரம் சுற்றியது. பெரியம்மா கேற்றடியில் நின்று கையைக் காட்டினார், கட்டிப்பிடித்து அழுதார். சாப்பிட உட்கார்ந்தால், மேசையில் கடையில் வாங்கிய இரண்டு தண்ணீர்ப் போத்தல்.

"உனக்கெண்டு வாங்கி வச்சனான் ராசா. கிணத்துத் தண்ணி இப்ப உனக்கு ஒத்துக்கொள்ளாது."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறக்காதவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. வருடம் முழுக்க அதைத்தான் கிணறு வெட்டி அள்ளுகிறோம். கடற்கரைப் பக்கம் உவர். ஆகவே எந்த வளவில் நல்ல தண்ணீர் என்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எங்களுடையது நாலு வீட்டுக்கான பங்குக் கிணறு, நல்ல தண்ணீர். அந்தத் தண்ணீர் எனக்கு ஆகாது என்றால் பிறகு நான் யார்?

அடுத்த இரண்டு நாளும் ஊர் சுற்றினேன். பொது நூலகத்துக்குப் போனேன். 97,000 புத்தகங்களோடு அது எரிந்த 1981இல்தான் நான் பிறந்தேன். சிறுவயதில் பார்த்ததெல்லாம் கருகிய சுவர்தான். இப்போது வெள்ளைவெளேரென்று நின்றது, உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நல்லூரில் திருவிழா நேரம். வீதியில் மணல் பரப்பி, தண்ணீர்ப் பந்தலில் மோர் கொடுத்தார்கள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "எப்ப வந்தனீங்கள்? எப்ப திரும்பிப் போறியள்?" வந்தவனை அனுப்பிவைக்கிற கேள்வி மாதிரி அது என் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் விடிய ஐந்து மணிக்குக் கிணற்றடிக்குப் போனேன். இப்போது மோட்டார் பூட்டி, மேலே வலை போட்டிருக்கிறார்கள். வலையின் ஒரு பக்கத்தை விலக்கி வாளியை இறக்கினேன். கப்பி கிறீச்சிட்டது. கட்டின் விளிம்பில் பழைய கயிறு அறுத்த பள்ளம் அப்படியே இருந்தது, என் சின்னவிரல் அதற்குள் சரியாகப் படிந்தது. முதல் வாளியைத் தலையில் ஊற்றியதும் உடம்பு சிலிர்த்து வாய் தானாகத் திறந்தது. அதே சுண்ணாம்புச் சுவை. குளித்தேன், குடித்தேன், அழுதேன். என்ன வரிசையில் என்று தெரியாது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "ஆர், கனடாத் தம்பியே? எப்ப திரும்பப் போறீர்?" தேதியைச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். "அட, இப்ப நல்லூர் விரதம், மச்சம் காச்சேலாது. தீர்த்தம் முடிய நிண்டீரெண்டால் நண்டு போட்டுக் கூழ் காச்சுவன்." அந்தக் கேள்வியை ஊர் ஏன் கேட்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த நாள் சமைப்பது, யார் வீட்டுக்கு முதலில் கூப்பிடுவது என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

தீர்த்தம் வரை நிற்க எனக்கு லீவு இருக்கவில்லை. வெளிக்கிடுகிற அன்று பெரியம்மா ஒடியல்மா, பனங்கட்டி, வறுத்து இடித்த மிளகாய்த்தூள் எல்லாம் கட்டித் தந்தார். கூடவே அந்த இரண்டு போத்தலும். கடைத் தண்ணீரைப் பூக்கன்றுக்கு ஊற்றிவிட்டு, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு நிரப்பியிருந்தார். அனுராதபுரம் வருவதற்குள் ஒன்று முடிந்துவிட்டது. மற்றதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரியும். வாசலில் நின்று கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.