கீழ் பெர்த்தும் ஒரு நன்றியும்

கேள்வி: போன மாதம் சென்னையிலிருந்து ராஜபாளையத்துக்குப் பொதிகையில் வந்தேன். மூட்டு வலி, நடு பெர்த்தில் ஏற முடியாது என்று ஒரு பெரியவர் கேட்டார். என் கீழ் பெர்த்தைக் கொடுத்துவிட்டு நடு பெர்த்தில் படுத்தேன். காலையில் விழித்துப் பார்த்தால் ஆள் இல்லை. மதுரையிலேயே இறங்கிவிட்டாராம். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "நீங்க ஒரு ஏமாளி" என்கிறாள் மனைவி. இனி பயணத்தில் யாருக்கும் உதவுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். சரிதானே?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராஜபாளையம்

பதில்: காலையில் விழித்துப் பார்த்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொதிகை மதுரைக்கு வரும்போது இன்னும் இருட்டு. நீங்கள் நல்ல தூக்கத்தில் இருந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர் உங்கள் தோளைத் தட்டி எழுப்பி நன்றி சொல்லியிருந்தால், "பெர்த்தையும் கொடுத்துத் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டேன்" என்று எனக்கு வேறொரு கடிதம் வந்திருக்கும்.

அவர் உங்களிடம் கேட்கவேண்டி வந்த காரணத்தையும் பாருங்கள். ஸ்லீப்பரில் எட்டுப் பேருக்கு மூன்று கீழ் பெர்த்தான். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் ரயில்வே முன்னுரிமை தருகிறது, ஆனால் இடம் இருந்தால்தான். இல்லாவிட்டால் எழுபது வயதுக்காரருக்கும் நடு பெர்த்தே விழும். அப்புறம் அவர் யாரிடம் கேட்பார்? எதிரே உட்கார்ந்திருப்பவரிடம்தான். (பிஸ்கட் கொடுத்து மயக்குகிறார்களே என்று யாரும் எழுத வேண்டாம். வாங்கித் தின்னாதீர்கள், அவ்வளவுதான். பெர்த்தைக் கொடுப்பதில் மயக்க மருந்து எங்கே வந்தது?)

நன்றிக்கு வருகிறேன். டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் மாட்டியிருக்கிறீர்களா? பின்படியில் தொங்குகிறவர் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, "ஒரு பெரியார் நிலையம், பாஸ் பண்ணுங்க" என்பார். முகம் தெரியாத ஆறு கைகள் மாறி அது கண்டக்டரிடம் போகும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாக, ஒரு ரூபாய் குறையாமல் திரும்பி வரும். ஜன்னலோரத்தில் இருப்பவர் மடியில் நாலு பள்ளிக்கூடப் பைகள் இருக்கும். எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது. நிற்க முடியாத அம்மா குழந்தையை யார் மடியிலாவது இறக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நிற்பாள். இதில் எங்காவது யாராவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு நினைவில்லை. சொன்னால்தான் அந்த மனிதர் கூச்சப்படுவார்.

உங்கள் ஊர்ப் பக்கம் பழைய சாலைகளில் இன்னும் ஒன்றிரண்டு சுமைதாங்கிக் கற்கள் மிச்சம் இருக்கலாம். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே கிடக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் துணைக்கு ஆள் தேடாமல், குனியாமல், சுமையை அப்படியே நகர்த்தி வைக்கிற உயரம். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டு வைப்பார்கள். அவள் இறக்கி வைக்காமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கன் அவனுடைய சுமையை இறக்கி வைக்கட்டும் என்று. விறகுக்கட்டை இறக்கி மூச்சு வாங்கிவிட்டுப் போனவர் யாரும் அந்த வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டியதில்லை. வீட்டாரும் யார் வந்தார், யார் போனார் என்று கணக்கெடுக்கவில்லை.

நீங்கள் ஒரு மாதமாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். உங்கள் மனைவி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெர்த்தைக் கொடுத்த இரவில் நீங்கள் ஏமாளி இல்லை. அன்றைக்குச் சரியான ஆளாகத்தான் இருந்திருக்கிறீர்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் எங்கேயோ சறுக்கியிருக்கிறது.

அடுத்த முறையும் யாராவது கேட்டால் கொடுங்கள், டிடிஇயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. நன்றி கட்டாயம் வேண்டுமென்றால், மதுரைக்கு அலாரம் வைத்துக்கொண்டு படுங்கள்.