செம்மறியும் வெள்ளாடும்: சுங்கை சிப்புட் வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் மத்தேயு 25:31-46 பற்றியவை. மனுஷகுமாரனாகிய இயேசு ராஜாவாகச் சிங்காசனத்தில் உட்கார்ந்து, மேய்ப்பன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல் ஜனங்களைப் பிரிக்கிறார். பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள் செம்மறிகளாக வலப்பக்கம், போடாதவர்கள் வெள்ளாடுகளாக இடப்பக்கம்.

கே: ஐயா, அப்படியானால் விசுவாசம் வேண்டாமா? கிரியை மட்டும் போதுமா?

ப: 37-ஆம் வசனத்தில் நின்று நிதானமாக வாசியுங்கள். "ஆண்டவரே, எப்பொழுது?" என்று நீதிமான்களே திகைக்கிறார்கள். செய்தது அவர்கள் நினைவிலேயே இல்லை. புண்ணியத்துக்குக் கணக்கு வைத்தவன் இப்படிக் கேட்கமாட்டான். அதற்கு முன் 34-ஆம் வசனத்தில் ராஜா ராஜ்யத்தைச் சுதந்தரித்துக்கொள்ளச் சொல்கிறார். சுதந்தரம் பிள்ளைக்கு வருவது, கூலியாளுக்குக் கிடைக்கும் சம்பளமல்ல. யார் பிள்ளை என்று காட்டுவதுதான் கிரியை. கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், கிரியைகளினால் அல்ல என்று பவுல் எழுதிய எபேசியர் 2:8, 9-ஐ மனப்பாடமாகச் சொல்பவர்கள் 10-ஐ விட்டுவிடுகிறார்கள். நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அதே பவுல் அங்கே எழுதுகிறார். ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்து உபதேசம் கட்டாதீர்கள்.

கே: கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் யாக்கோபு நிருபத்தைச் சீர்திருத்தவாதி லுத்தர் தள்ளிவிட்டாராமே?

ப: 1522-இல் தம் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்றார். ஆனாலும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. நீதிமானாக்கப்படுதலை, அதாவது மனுஷன் தேவனுக்குமுன் நீதிமானாக ஏற்றுக்கொள்ளப்படுவதைப் பற்றி லுத்தரன்களும் கத்தோலிக்கரும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே லயத்தில் இருந்துகொண்டு இதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள்.

கே: மிகவும் சிறியவராகிய என் சகோதரரில் ஒருவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்று 40-ஆம் வசனத்தில் ராஜா சொல்கிறார். "என் சகோதரர்" என்றால் சீஷர்கள்தான். ஊழியக்காரரை ஏற்றுக்கொள்வதைத்தான் இயேசு சொல்கிறார். பொதுவான தர்மத்தை இதில் நுழைக்காதீர்கள்.

ப: உங்கள் பக்கம் பலமான ஆதாரம் இருக்கிறது, தம்பி. மத்தேயு 12:50-இல் பிதாவின் சித்தம் செய்கிறவனே சகோதரன். 10:42-இல் சீஷன் என்பதற்காகக் கொடுக்கும் ஒரு கலசம் தண்ணீருக்கும் பலன் உண்டு. ஆனால் சொல்லைக் கவனியுங்கள். 10:42-இல் வருவது "சிறியர்". இங்கே "மிகவும் சிறியவர்". கிரேக்கத்திலும் இரண்டும் வெவ்வேறு சொற்கள்: மிக்ரோஸ், எலாகிஸ்தோஸ்.

கே (அதே தம்பி): சகோதரர் என்ற சொல்லுக்குப் பதிலே வரவில்லையே.

ப: 40-ஐயும் 45-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடப்பக்கத்தாரிடம் ராஜா பேசும்போது சகோதரர் என்ற சொல்லே இல்லை, "மிகவும் சிறியவர்களாகிய இவர்கள்" மட்டும்தான். அதோடு, யாருக்குச் செய்கிறோம் என்று வலப்பக்கத்தாருக்கும் தெரியாது. சீஷன் என்று தெரிந்தே செய்திருந்தால் எதற்குத் திகைக்க வேண்டும்? செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத் தொழிலாளி தொழிலாளர் தங்கும் கொங்சியில் காய்ச்சலோடு கிடக்கிறான். ஞானஸ்நானம் எடுத்தவனா என்று விசாரித்துவிட்டுத்தான் கஞ்சி கொண்டுபோவீர்களா? நம் பாட்டன் கப்பலில் வந்திறங்கியபோது அவரும் அந்நியன்தான்.

கே: நல்லது செய்தால் மட்டும் பரலோகம் போகலாமா?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: அதே அதிகாரத்தில் எஜமான் தன் ஊழியக்காரரிடம் ஒப்படைக்கும் தாலந்து எவ்வளவு பணம்?

ப: சுமார் 6,000 தெனாரி என்னும் ரோம நாணயம். ஒரு தெனாரி ஒரு நாள் கூலி. மாதம் 26 நாள் என்றால் 230 மாதம். இன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியில் ஏறக்குறைய 3,90,000 வெள்ளி. ஒரு தாலந்து வாங்கியவன் ஏழை இல்லை.

கே: வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதை எப்படி நடத்துவது, ஐயா?

ப: எஜமான் திரும்பி வருவதைப் பற்றிய உவமை தொடங்கும் 24:45-லிருந்து ஆரம்பியுங்கள். 25-ஆம் அதிகாரத்தில் பசி, தாகம், அந்நியனாயிருத்தல், வஸ்திரமின்மை, வியாதி, காவல் என்ற ஆறு தேவைகளின் பட்டியல் நான்கு முறை வருகிறது. நான்கு பேரை வாசிக்கச் சொல்லுங்கள். நீதிமான்கள் ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்க, இடப்பக்கத்தார் 44-இல் ஆறையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடுவது காதிலேயே கேட்கும். 41-இல் அக்கினி பிசாசுக்காக ஆயத்தமானது, மனுஷருக்காக அல்ல. அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகாதீர்கள்.

கே: விசுவாசமா கிரியையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ப: மூன்றாம் முறை கேட்கிறீர்கள். ஒரே வார்த்தையில் கிடையாது.

கே: சபைக்கு வராத என் மாமா வெள்ளாடுதானே?

ப: பிரிக்கிறவர் ராஜா. ஆடுகளுக்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை.

கே: தோட்டத்தில் இருக்கும் நாங்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

ப: வியாதிக்காரரிடமிருந்து. அரசாங்கக் கிளினிக்கில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம், மலாயும் சிலருக்குச் சரியாக வராது. கூடப் போங்கள், பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொல்லுங்கள், குறையும் பணத்தைப் போடுங்கள். அடுத்தது காவலில் இருப்பவர். மகன் தைப்பிங் சிறையில் இருக்க, கார் இல்லாத தாய் உங்கள் லயத்திலேயே இருக்கலாம். பார்வை நாளை முன்கூட்டியே கேட்டுவைத்து, அவரை ஏற்றிக்கொண்டு போய், வெளியே காத்திருந்து கூட்டி வாருங்கள்.