வெளிநாட்டில் ஸ்காட்லாந்து மரபைக் கொண்டாடுவது வெறும் உடை அலங்காரம்தானா?

கேள்வி கேட்டவர் ஹைலண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாடு) விளையாட்டு விழா வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். கில்ட் என்ற மடிப்புப் பாவாடை கட்டி, பேக்பைப் என்ற பை வைத்த குழலை ஊதி, முழு மரத்தைத் தூக்கி எறிகிறார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே பண்பாடா, அல்லது வருடத்துக்கு ஒருநாள் போடும் வேஷமா என்பது அவர் கேள்வி.

நான் கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில் ஆறு வருடமாக இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உடையைப் பற்றி உங்கள் சந்தேகம் ஓரளவு சரிதான். டார்டன் என்பது ஸ்காட்லாந்துக் குலங்களின் கட்டம் போட்ட துணி. நோவா ஸ்கோஷியாவின் நீலப் பச்சை டார்டனை இங்கே எல்லாக் கடையிலும் பார்க்கலாம். அது 1953இல் பிறந்தது. ஆடு வளர்ப்போரின் கண்காட்சிக்காக பெஸ்ஸி மரே என்ற நெசவாளர் ஒரு சுவர்ச்சித்திரம் செய்தார். அதில் வரும் ஆட்டிடையனுக்கு எந்தக் குலத்தின் டார்டனைக் கட்டிவிட்டாலும் மற்றக் குலத்தார் வருத்தப்படுவார்கள் என்று, யாருக்கும் சொந்தமில்லாத புதுக் கட்டம் ஒன்றை உருவாக்கினார். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போய் அதுவே மாகாணத்தின் டார்டன் ஆகிவிட்டது. சுற்றுலாவுக்காக அரசாங்கமும் கில்ட்டையும் பேக்பைப்பையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. இதை இங்குள்ளவர்களே மறைப்பதில்லை.

ஆனால் இந்த மக்கள் வந்த கதை பொய்யில்லை. நோவா ஸ்கோஷியா என்றாலே லத்தீனில் புதிய ஸ்காட்லாந்து. 1773 செப்டம்பரில் ‘ஹெக்டர்’ என்ற கப்பல் ஏறத்தாழ இருநூறு ஹைலண்ட் மக்களோடு பிக்டூ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. வழியில் குழந்தைகள் பலர் அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தார்கள். அடுத்த எழுபது, எண்பது வருடம் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. ஆடு மேய்த்தால் அதிக லாபம் என்று நிலக்கிழார்கள் குடியானவர்களை வெளியேற்றிய காலம் அது. பாரா, தெற்கு யூயிஸ்ட், லூயிஸ் என்று தீவு தீவாகக் கிளம்பியவர்கள் இங்கேயும் ஊர்க்காரர்களாகவே பக்கத்தில் பக்கத்தில் குடியேறினார்கள். இந்த நிலம் மிக்மாக் பழங்குடியினருடையது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலத்தை இழந்து வந்தவர்கள் இன்னொருவர் நிலத்தில்தான் வீடு கட்டினார்கள்.

நீங்கள் பார்த்தது போன்ற விளையாட்டு விழா இந்த மாகாணத்தின் ஆன்டிகோனிஷ் ஊரில் 1863 முதல் நடக்கிறது. மரம் எறிவதில் தூரத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள். எறிந்த மரம் தலைகீழாகப் புரண்டு, எறிந்தவருக்கு நேர் எதிரே கடிகாரத்தின் பன்னிரண்டு போல விழ வேண்டும். அதற்குத்தான் மதிப்பு.

ஆனால் என் மனதை மாற்றியது மைதானம் அல்ல, ஒரு மர மேசை.

கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா ஒரு கோடையில் என்னை மில்லிங் ஃபிராலிக் என்ற கூடுகைக்கு அழைத்துப்போனார். தறியிலிருந்து இறங்கிய கம்பளி தளர்வாக இருக்கும். நனைத்து, பலகையில் அடித்து அடித்துச் சுருக்கினால்தான் இழை இறுகிக் குளிர் தாங்கும். அந்த வேலையை இன்று மில் செய்துவிடுகிறது. பாட்டு மட்டும் மேசையை விட்டுப் போகவில்லை. நீள மேசையின் இருபுறமும் பன்னிரண்டு பேர். ஈரக் கம்பளியை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் ஒரு அடி, தன் பக்கம் ஒரு இழுப்பு, பிறகு இடப்பக்கத்தவர் கைக்குத் தள்ளல். துணி எப்போதும் வலஞ்சுழியாகத்தான் போக வேண்டும். எதிர்த்திசை ஆகாது என்பது பழைய நம்பிக்கை. தொப், தொப் என்று மேசை அதிர, ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஹைலண்ட் மக்களின் பழைய மொழியான கேலிக்கில் ஒரு வரி எடுத்துக் கொடுக்கிறார். மற்றவர்கள் பல்லவியைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தில் இது பெண்கள் வேலை. இங்கே ஆண்களும் உட்கார்ந்தார்கள்.

என் அம்மாவும் அத்தையும் மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போனவர்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாட, கை தானாகப் போகும். நடவு இயந்திரம் வந்தபின் எங்கள் ஊரில் அந்தப் பாட்டுக்கு இடமே இல்லாமல் போயிற்று. இங்கே இயந்திரம் வந்து எத்தனையோ காலமாகியும் மேசையைப் போட்டு உட்காருகிறார்கள். எனக்கு அன்று தொண்டை அடைத்துக்கொண்டது. பாட்டு முடிந்ததும் பக்கத்திலிருந்த பாட்டி நடுவிரலால் துணியை அளந்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்தார். அந்தக் கம்பளி பல வருடமாக அடி வாங்குவது, இனிச் சுருங்க அதில் ஒன்றும் இல்லை. இருந்தும் அளக்காமல் விடவில்லை.

பிடிலும் அப்படித்தான். 1971இல் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி. தொலைக்காட்சி கேப் பிரெட்டன் பிடில் வாசிப்பு அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. ஊர் கொதித்துப்போயிற்று. 1973இல் கிளெண்டேல் என்ற சின்ன ஊரில் ஒரே மேடையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிடில்காரர்கள் வாசித்துக் காட்டினார்கள். இன்றைக்கு மாபூ பக்கத்து மன்றங்களில் கோடைக்கால சனிக்கிழமை இரவில் பாட்டனும் பேத்தியும் ஒரே சதுரத்தில் நின்று ஆடுவதைப் பார்க்கலாம். யாரும் கில்ட் கட்டியிருக்க மாட்டார்கள். ஜீன்ஸ்தான். இவர்கள் காலால் தாளம் போடும் நடனம் ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய மறைந்துபோய், 1990களில் இங்கிருந்து ஆட்கள் போய் அங்கே மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். புறப்பட்ட வீட்டில் தொலைந்தது போய்ச் சேர்ந்த வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது.

மொழிதான் வேதனை. கேலிக் மொழியைக் கனடாவின் மூன்றாவது ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று 1890இல் மெக்கின்னஸ் என்ற செனட்டர் மசோதா கொண்டுவந்தார். 42க்கு 7 என்று தோற்றது. இதே கேப் பிரெட்டனின் சிட்னி நகரில் ‘மக் தல்லா’ என்று முழுக்க கேலிக்கிலேயே ஒரு பத்திரிகை 1892 முதல் 1904 வரை வந்தது. எதிரொலி என்று அர்த்தம். அப்புறம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கேலிக் பேசினால் அடி விழுந்தது. அந்த அடியைக் கேட்டறிந்த பெற்றோர், தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டும் பேசினார்கள். 2011 கணக்கெடுப்பில் மாகாணம் முழுவதும் கேலிக் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 1,300 பேர்தான்.

இதை இங்குள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கவில்லை. செயின்ட் ஆன்ஸில் 1938 முதல் கேலிக் கல்லூரி இருக்கிறது. 2006இல் மாகாண அரசு கேலிக் விவகாரங்களுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. எனக்கு அதிகம் பிடித்தது வீட்டு வகுப்பு முறை. புத்தகமில்லை, இலக்கணமில்லை, சமையலறையில் தேநீர் போட்டபடி, ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி, பெரியவர் பேசப்பேச இளையவர்கள் திருப்பிச் சொல்லிக் கற்கிறார்கள்.

எங்கள் இல்லத்தில் ஒரு மூதாட்டி இருக்கிறார். நினைவு மங்க மங்க ஆங்கிலம் அவரை விட்டுப் போய், சிறுவயது கேலிக் மட்டும் தங்கிவிட்டது. அவருக்காக நலம் விசாரிக்கும் வாக்கியத்தைக் கற்றுக்கொண்டேன். கேலிக்கிலும் ‘நீ’, ‘நீங்கள்’ என்று இரண்டு உண்டு. அந்த அக்காதான் ‘ஷிவ்’ என்று மரியாதையாகச் சொல்லத் திருத்திக் கொடுத்தார். நான் கேட்டதும் மூதாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு “கோ லெஷ் ஊ?” என்றார். நேர் அர்த்தம், நீ யாருக்குச் சொந்தம்? எங்கள் ஊரில் தெருவில் ஓடுகிற பிள்ளையை நிறுத்தி “நீ யார் வீட்டுப் புள்ள?” என்று கேட்போமே, அதேதான். அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே இரண்டு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இப்போதும் வாரத்தில் இரண்டு நாளாவது கேட்கிறார். நானும் சொல்கிறேன்.

நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஜூலையில் ஆன்டிகோனிஷுக்கு வாருங்கள். அல்லது மேப்பிள் இலை சிவக்கும் அக்டோபரில், 1997 முதல் நடக்கும் கெல்டிக் கலர்ஸ் விழாவுக்கு வாருங்கள். பெரிய மேடைக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், சின்ன ஊர் மன்றங்களில் மில்லிங் மேசை எங்கே போடுகிறார்கள் என்று விசாரியுங்கள். ஓரமாக நின்றால் யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். உட்காருங்கள். பல்லவி நாலைந்து தடவையில் பிடிபட்டுவிடும். கம்பளி இடப்பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.