பிரிண்ட்மேக்கிங் (தகட்டைச் செதுக்கி, இங்க் போட்டு, காகிதத்துல கையால அச்செடுக்கிற கலை) எடுத்துப் படிக்கலாமா, இயற்கையை வரையுறவங்களுக்கு அது சரிப்பட்டு வருமா?

தாராளமா எடுங்க. நான் சித்தூர்க்காரன், வீட்ல தமிழ், தெருவுல தெலுங்கு, லினோகட்டும் (லினோலியத்தைச் செதுக்கி அச்செடுக்கிறது) எட்சிங்கும் (உலோகத் தகட்டை ஆசிட்ல அரிச்சு அச்செடுக்கிறது) பண்றேன், அதனால எங்க ஊர்ப்பக்கத்து ஆளை வெச்சே சொல்றேன்.

கிருஷ்ணா ரெட்டி. 1925-ல சித்தூர் பக்கம் நந்தனூர்ல பொறந்தவர். சாந்திநிகேதன்ல ஓவியர் நந்தலால் போஸ்கிட்ட படிச்சார், மெட்ராஸ்ல கலாக்ஷேத்ராவோட ஓவியப் பிரிவைப் பாத்துக்கிட்டார், அப்புறம் லண்டன், அங்கருந்து பாரிஸ், ஹேட்டர்ங்கிற பிரிண்ட்மேக்கர் நடத்துன அட்டெலியே 17 பட்டறை. அங்கதான் கைகோ மோட்டிங்கிற இன்னொரு இந்தியரோட சேந்து விஸ்காசிட்டி பிரிண்டிங்கை, அதாவது இங்க்கோட கெட்டித்தன்மையை வெச்சு கலர் பிரிக்கிற முறையை, உருவாக்குனாங்க.

சாதாரணமா கலர் பிரிண்ட்னா ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட் (தகடு) வேணும். இதுல ஒரே பிளேட்டை பல ஆழத்துல செதுக்கணும், இங்க்ல ஆளிவிதை எண்ணெயைக் கூட்டிக் கொறச்சுக் கலக்கணும், கெட்டி ரோலர்ல எண்ணெய் அதிகமான இங்க்கை ஓட்டுனா அது மேட்டுல மட்டும் ஒக்காரும், அடுத்து மெது ரோலர்ல எண்ணெய் கம்மியான இங்க்கை ஓட்டுனா அது பள்ளத்துக்குள்ள எறங்கும், ஆனா ஏற்கனவே எண்ணெய் இருக்கிற மேட்டுல ஒட்டாது, எண்ணெய் தடவுன கைல பலாப்பால் ஒட்டாத மாதிரி. அப்படியே பிரஸ்ல ஒரு ஓட்டு, எல்லா கலரும் ஒண்ணா காகிதத்துல வந்துரும்.

உங்க கேள்விக்கு இதுலதான் பதில் இருக்குன்னு நெனைக்கிறேன். அவர் மீன், பூச்சி, அலைன்னு நெறைய பண்ணிருக்கார், 1963-ல பண்ணுன நீர்ச்சுழல் பிரிண்டைப் பாருங்க, அதுல சுழலோட வெளித்தோற்றத்தை மட்டும் அவர் வரையல, அவர் சிற்பியும் கூட இல்லையா, பிளேட்டையே குடைஞ்சு இங்க் எங்க ஓடணும் எங்க விலகணும்னு வழி போட்டுக் கொடுத்திருக்கார். எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது அதுதான்.

எங்க பக்கம் கிளிமூக்கு மாந்தோப்பு ஜாஸ்தி. மழை பெய்யறப்ப மாம்பட்டையைப் பாத்தீங்கன்னா எந்தப் பள்ளத்துல தண்ணி முதல்ல எறங்குது, எந்த மேடு கடைசி வரைக்கும் காஞ்சே கெடக்குதுன்னு தெரியும், நான் பிளேட்ல செதுக்குறப்ப அந்த ஆழத்தைத்தான் யோசிப்பேன். இலை வடிவத்தை அச்சு அசலா வரைஞ்சு பழகுறதை விட இந்தப் பார்வை பிரிண்ட்மேக்கருக்கு ரொம்ப முக்கியம்.

வருமானம்னு பாத்தா பிரிண்ட் வித்து மட்டும் குடும்பம் ஓட்டுறவங்க கம்மி, கூட டீச்சிங் இருக்கும். கிருஷ்ணா ரெட்டியே நியூயார்க் யுனிவர்சிட்டில சொல்லிக் கொடுத்தவர்தான், 1972-ல பத்மஸ்ரீ, 2018-ல நியூயார்க்லயே காலமானார். 20 காப்பி எடுத்தா மூணாவது காப்பில 3/20-ன்னு பென்சில்ல எழுதி கையெழுத்து போடுவோம், இது ஜெராக்ஸான்னு கேப்பாங்க, பொறுமையா எடுத்துச் சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் நாமதான் கையால இங்க் போட்டு எடுக்கிறோம், ஒவ்வொண்ணும் ஒரிஜினல்.

பிரஸ் வாங்க காசு இல்லைன்னு தயங்காதீங்க, லினோவுக்கு கரண்டி முதுகால தேச்சாலே போதும். படிக்கிறதுக்கு எழும்பூர் பக்கம் கவின் கலைக் கல்லூரி இருக்கு, சென்னை போனீங்கன்னா கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியையும் எட்டிப் பாருங்க, அங்க பிரிண்ட் எடுக்கிற கிராபிக்ஸ் ஸ்டூடியோ இருக்கு. பிரிண்டை எங்கயாவது நேர்ல பாக்கக் கெடச்சா சைடுல சாஞ்சு பாருங்க, பிளேட்டோட மேடுபள்ளம் காகிதத்துலயும் பதிஞ்சிருக்கும், போன்ல அது சுத்தமா தெரியாது.