பழைய வீட்டு பாத்ரூமை நாமே புதுப்பிக்கலாமா?

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடு. கொல்லைப்புறத்தை ஒட்டிய பாத்ரூமில் மூன்று வருஷத்துக்கு முன்பு சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தோம். இப்போது இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு பெயர்ந்து விழுகிறது, தரையில் தண்ணீரும் தேங்குகிறது. எல்லாவற்றையும் கொத்திவிட்டு டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார் கொத்தனார். அவர் கேட்கும் கூலி கட்டுப்படியாகவில்லை. லீவு நாட்களில் நானே செய்யலாமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தாராளமாகச் செய்யலாம், ஆனால் டைல்ஸ் கடைக்கு மட்டும் இப்போதே போய்விடாதீர்கள். எங்கள் பழைய வீட்டில் நான் செய்த தப்பு அதுதான். டைல்ஸை ஆசையாகப் பார்த்து வாங்கி முதல் வாரமே ஒட்டிவிட்டேன், வாட்டம் சரியில்லாததால் குளித்த தண்ணீரெல்லாம் கதவோரம் வந்து நின்றது. நானே உளி எடுத்து அத்தனையையும் பெயர்த்தேன். மனசு ரொம்ப வலித்தது. அதனால் முதலில் தண்ணீரின் வழியைப் பாருங்கள்.

ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கொட்டி, அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். அப்புறம் வெளியே சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்து, உள்ளே ஊற்றும் தண்ணீர் தடையில்லாமல் வந்து விழுகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மண்ணுக்கடியில் பீங்கான் குழாய் போட்டு, இணைப்பில் சிமென்ட் பூசியிருப்பார்கள். கொல்லையில் மரம் இருந்தால் அந்த இணைப்பு வழியாக வேர் உள்ளே போயிருக்கலாம். சுவரடி எப்போதும் ஈரமாக இருப்பதற்கு அந்தக் கசிவும் காரணமாக இருக்கும். அப்படி இருந்தால் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்க்கு மாறிவிடுங்கள், 5 அடிக்கு ஒரு அங்குலம் இறக்கம் இருந்தால் போதும்.

இனி சுவர். உங்கள் வீடு போன்ற பழைய கட்டடங்களில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்பு என்று எதுவும் இருக்காது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு அதை மெதுவாக வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்டும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏறியதும் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அது உப்பைச் சுமந்துகொண்டு இன்னும் மேலே ஏறி, பூச்சைத் தள்ளிவிடுகிறது. இதில் கொத்தனாரின் கைவேலையைக் குறை சொல்ல முடியாது, பொருள்தான் இந்தச் சுவருக்குப் பொருந்தவில்லை. நாலு சுவரிலும் கூரை வரைக்கும் டைல்ஸ் ஒட்டினாலும் இதேதான் நடக்கும். ஈரம் சுவரின் மறுபக்கம், உங்கள் கூடத்தில் போய் வெளிப்படும்.

நான் சொல்லும் வழி இது. குளிக்கும் மூலையில் மட்டும், தண்ணீர் தெறிக்கும் உயரத்துக்கு, பழைய பூச்சைச் செங்கல் வரை எடுத்துவிட்டு சிமென்ட் பூசி, நீர்த்தடுப்புக் கோட்டிங் கொடுத்து டைல்ஸ் ஒட்டுங்கள். இது ஒரு சமரசம்தான், வேறு வழியில்லை, அந்த இடத்தில் தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் விழும். மற்ற இடங்களில் சிமென்டை உரித்து, செங்கலை ஒன்றிரண்டு மாதம் காயவிட்டு (இதைத்தான் யாரும் பொறுக்க மாட்டார்கள், தயவுசெய்து பொறுங்கள்), உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு மணல் மூன்று பங்கு என்று கலந்து மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூசுங்கள். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

குழாய் பதிக்கச் சுவரை வெட்டும்போது சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள், சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் அதிர்ச்சியில் இளகிவிடும். கட்டரால் இரண்டு பக்கமும் கோடு வெட்டிக்கொண்டு நடுவை மெல்லப் பெயர்த்து எடுங்கள். கூடியவரை மேலிருந்து கீழாகவே வெட்டுங்கள். படுக்கைவாட்டில் நீளமாக வெட்டினால் சுவர் பலமிழக்கும், 9 அங்குலச் சுவரில் அந்த வெட்டு ஒன்றரை அங்குல ஆழத்தைத் தாண்டக்கூடாது. வெந்நீர் லைனுக்கு சிபிவிசி குழாய்தான் வேண்டும், சாதாரண பிவிசி சூட்டில் வளைந்துவிடும். குழாயை மூடிப் பூசுவதற்கு முன் எல்லா வாயிலும் டம்மி பிளக் போட்டு, டேங்க் வால்வைத் திறந்து ஒரு நாள் முழுக்க விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள்.

தரையைப் பொறுத்தவரை 6 அடி நீளத்துக்கு முக்கால் முதல் ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். இதைக் கண்ணால் கணிக்க வேண்டாம், தண்ணீர் டியூபும் ரசமட்டமும் வைத்துச் சுவரில் கோடு போடுங்கள். கதவுப் பக்கம் கூடத்துத் தரையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். நீர்த்தடுப்புக் கோட்டிங்கைத் தரையிலிருந்து சுவரில் ஒரு அடி உயரம் வரை ஏற்றிவிட்டு, டிராப்பையும் (தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) கதவடியையும் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். கொஞ்சம் ஆவியாகும், விரல் பருமனுக்கு இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் டைல்ஸ். தரைக்கு வழுக்காத 12 அங்குல டைல்ஸ் போதும். பெரிய டைல்ஸில் வாட்டம் கொண்டுவருவது பழகாத கைக்குக் கஷ்டம். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, வெறும் சிமென்ட் பாலில் ஒட்டினால் ஒருநாள் விட்டுப்போகும், அதற்கென்று விற்கும் டைல் பசையை வாங்குங்கள். மறுநாள் காசால் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் வரும் டைலை அப்போதே எடுத்து மறுபடி ஒட்டுங்கள்.

இன்னொன்று: வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம் என்றால், முதல் செங்கலைத் தொடுவதற்கு முன்பே, சுவர் காயும் மாதங்களையும் கணக்கில் சேர்த்து மாற்று ஏற்பாடு பேசிவைத்துவிடுங்கள். லீவு நாள் வேலை நீங்கள் நினைப்பதுபோல் இரண்டு மடங்கு நாள் இழுக்கும். செப்டிக் டேங்கில் அடைப்பு என்று தெரிந்தாலும் நீங்களும் இறங்கக்கூடாது, வேறு யாரையும் இறக்கவும் கூடாது. அந்த விஷவாயு ஒரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மாடியில் மெட்ராஸ் டெரஸ். படுக்கையறை ஓரத்தில் சின்னதாக ஒரு பாத்ரூம் கட்டிக்கொள்ளலாமா? (ஒரு வாசகி, மயிலாப்பூர்)

பதில்: வேண்டாம் அம்மா. மெட்ராஸ் டெரஸைத் தாங்கி நிற்பவை தேக்கு உத்தரங்கள். அவற்றின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்துப் போட்டிருப்பார்கள். தேக்கு வெயிலுக்கும் காற்றுக்கும் அசராது, ஆனால் சுவருக்குள் செருகியிருக்கும் அதன் முனைக்கு நாள்பட்ட கசிவு எமன். உளுத்துப்போவது வெளியே தெரியவே தெரியாது. எடையும் ஒரு பிரச்சினை, 500 லிட்டர் தண்ணீர் என்பதே அரை டன். கீழ்த்தளத்தில், தரை மண்ணில் உட்காரும் இடமாகப் பாருங்கள். மாடியில்தான் வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

கேள்வி: புது கீசர் வாங்கியிருக்கிறோம். பாத்ரூமில் ஏற்கெனவே இருக்கும் லைட் பிளக்கில் மாட்டிக்கொள்ளலாமா? சில சமயம் குழாயைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: குழாயில் ஷாக் அடிக்கிறது என்றால் இன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை அந்த பாத்ரூமில் யாரும் குளிக்க வேண்டாம். பழைய வீடுகளில் எர்த் வயர் பாதி இடங்களில் இருக்காது. 2000 வாட்ஸ் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் லைட் பிளக் அதைத் தாங்காது. மெயின் போர்டிலிருந்து தனி லைனாக 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் தாமிர வயர், 16 ஆம்பியர் பாயின்ட், நல்ல எர்த், கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அணைந்துவிடும் ஆர்சிசிபி, இத்தனையும் வேண்டும். சுவிட்சை வெளியே வையுங்கள். டைல்ஸ், பெயின்ட், குழாய் எதை வேண்டுமானாலும் சொந்தமாகச் செய்து கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறவன் நான், வயரிங்கை மட்டும் லைசென்ஸ் உள்ளவரிடம் விடச் சொல்கிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, முட்டிவலி. இந்தியன் கிளாசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: கடைக்குப் போவதற்கு முன் கழிவுக்குழாய் தரை வழியாக இறங்குகிறதா, சுவர் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். தரை வழி என்றால், டைல்ஸோடு சேர்த்த சுவரிலிருந்து குழாயின் நடு வரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 9 அங்குலம், 12 அங்குலம் என்று கிளாசெட்டுகள் வெவ்வேறு அளவில் வருகின்றன, மாறி வாங்கினால் தரையை மறுபடி கொத்த வேண்டியிருக்கும். இந்தியன் கிளாசெட் மேடை மேல் இருந்தால் மேடையை முழுக்க எடுத்துவிடுங்கள், வயதானவர்கள் இடறுவது அந்த ஒற்றைப் படியில்தான்.

கைப்பிடியை அம்மாவை உட்காரவைத்து, அவர் கை இயல்பாக எட்டும் உயரத்தைக் குறித்துக்கொண்டு பொருத்துங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் சின்ன பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் நீளமான ஆங்கர் போல்ட் போட்டு, நீங்களே முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாமல் போகும்.